கேளுங்க அக்கா: சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் படிக்க எவ்வளவு செலவாகும், எந்த காலேஜ் நல்லது?

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல மூணு ஒரே விஷயத்த பத்தி இருந்துச்சு. நான் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை லேப்ல 22 வருஷம் வேலை பாத்தவ, அதனால இதுல எனக்கு சொல்ல நெறைய இருக்கு. இடமெல்லாம் இதுக்கே போயிடும்னு நெனக்கிறேன், சமையல் கேள்வி அனுப்புனவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, நாங்க சிங்கப்பூர் ஈசூன்ல ஃபோர் ரூம் வீட்டுல இருக்கோம். வீட்டுக்காரரு பஸ் டெக்னீஷியன், நான் பாலர் பள்ளில வேலை பாக்குறேன், மூணு பிள்ளைங்க. பெரிய பொண்ணு பாலிடெக்னிக்ல கடைசி வருஷம், தண்ணி சம்பந்தமான டிப்ளோமா, ஜிபிஏ 3.4. அவளுக்கு சுற்றுச்சூழல் இன்ஜினியரிங்தான் வேணுமாம். போன மாசம் ஒரு கல்விக் கண்காட்சிக்கு போனோம். அங்க இருந்த ஏஜென்ட், "லோக்கல் யூனிவர்சிட்டில எடம் கெடைக்கிறது கஷ்டம், எங்ககிட்ட சேந்தா வெளிநாட்டு டிகிரிய இங்கயே ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம், மொத்தம் 38,000 வெள்ளிதான், இந்த வாரம் 2,000 கட்டி எடத்த புடிச்சிக்கங்க"ன்னாரு. அவரு குடுத்த தாள்ல படிப்போட பேரு சுற்றுச்சூழல் மேலாண்மைன்னு போட்டிருக்கு. சேத்து வச்ச பணத்த எடுத்து கட்டிடலாமா? (ஓர் அம்மா, ஈசூன்)

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 2,000 வெள்ளிய கட்டாதீங்க. ஏற்கனவே கட்டியிருந்தா, கையெழுத்து போட்ட தாள்ல பணத்த திருப்பிக் குடுக்குறத பத்தி என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே எடுத்து பாருங்க.

ஏன் சொல்றேன்னா நீங்களே எழுதியிருக்கீங்க, படிப்போட பேரு மேலாண்மைன்னு. உங்க பொண்ணு கேக்குறது இன்ஜினியரிங். ரெண்டுலயும் சுற்றுச்சூழல்னு வார்த்தை இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற படிப்பு. இன்ஜினியரிங்ல தண்ணி குழாய்ல எப்படி ஓடுது, தொட்டில எவ்வளவு நேரம் நிக்கணும், எவ்வளவு காத்து ஊதணும், எத்தன டன் கசடு வரும்னு கணக்கு போட்டு வடிவமைக்க கத்துக் குடுப்பாங்க. மேலாண்மை படிப்புல சட்டம், தணிக்கை, அறிக்கை இதெல்லாம் வரும். அதுவும் நல்ல படிப்புதான், அத வேணும்னு கேக்குற பிள்ளைக்கு. உங்க பொண்ணு அத கேக்கல.

எங்க வீட்டுலயே இது நடந்துச்சு. என் தம்பி ஒரு ஏஜென்ட் பேச்ச நம்பி ஒரு வெளிநாட்டு டிகிரில சேந்தான், அம்மா நகைய வித்து தவண கட்டுனாங்க, முடிச்சிட்டு வந்து இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டா, இது அங்கீகாரம் இல்லாத டிகிரின்னு ஒவ்வொரு எடத்துலயும் டெக்னீஷியன் சம்பளம்தான் பேசுனாங்க. அப்புறம் பகல்ல வேலை, ராத்திரில படிப்புன்னு திரும்ப முதல்லேர்ந்து படிச்சான். அவனோட ஒன்பது வருஷம் அதுல போச்சு. அம்மா அந்த நகைய பத்தி ஒரு நாளும் வாய் தொறக்கல, அதுதான் அவனுக்கு பெரிய வேதனை.

சரி, காசு கணக்குக்கு வருவோம். இங்க சுற்றுச்சூழல் இன்ஜினியரிங்குக்குன்னு இருக்குற படிப்பு ரெண்டு எடத்துல இருக்கு. என்டியுல, அதாவது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல, சிவில் மற்றும் சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் பள்ளி, ஜூரோங் பக்கம். என்யுஎஸ்ல, அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல, சுற்றுச்சூழல், நீடித்த நிலைத்தன்மை ரெண்டையும் சேத்து ஒரே டிகிரியா வச்சிருக்காங்க. உங்க பொண்ணு சிங்கப்பூர் குடிமகள்னா கல்வி அமைச்சோட மானியம் தானா கெடைக்கும், அது போக நீங்க கட்ட வேண்டியது வருஷத்துக்கு 8,000 வெள்ளிக்கு கொஞ்சம் மேல. நாலு வருஷத்துக்கு 33,000 பக்கம் வரும்னு வச்சிக்கங்க. அதே படிப்புக்கு மானியம் இல்லன்னா ஒரு வருஷத்துக்கே 35,000க்கு மேல. இதுல உங்க பொண்ணுக்கு இருக்குற டிப்ளோமா அந்த துறைக்கு நெருக்கமானது, அதனால சில பாடங்களுக்கு விலக்கு கேக்கலாம், விலக்கு கெடைச்சா படிக்கிற காலமும் கொறையும், பீஸும் கொறையும். அத அவங்களா கூப்ட்டு குடுக்கமாட்டாங்க, பாட விவரத்தோட விண்ணப்பிச்சு கேட்டு வாங்கணும், இத எழுதி வச்சிக்கங்க.

ஏஜென்ட் சொன்ன 38,000 பக்கத்துல 33,000ன்னு பாத்தா பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியும். வித்தியாசம் எங்க இருக்குன்னா, அந்த 38,000 முழுசும் உங்க கையிலேர்ந்து போகணும். இந்த 33,000த்துல நீங்க ரொக்கமா எடுத்து வைக்க வேண்டியது ரொம்ப கம்மியா கூட இருக்கலாம். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல உதவிநிதி. வீட்டுக்கு வர்ற மொத்த மாச வருமானத்த வீட்டுல இருக்குற தலைகளால வகுத்துப் பாருங்க. அஞ்சு பேருக்கு ஒரு சம்பளமும் ஒரு பாலர் பள்ளி சம்பளமும்னா உங்களுக்கு அரசாங்க உதவிநிதி கெடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதுக்கு மேல, வருமானம் ரொம்ப கம்மியா இருக்குற குடும்பத்து பிள்ளைங்களுக்கு முழு பீஸையும் பாத்துக்குற உதவியும் பல்கலைக்கழகத்துலயே இருக்கு. இது திருப்பி கட்ட வேண்டாத பணம் தங்கச்சி, அதனால கடன பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இத கேளுங்க. சிண்டாவுலயும் உதவிநிதி குடுக்குறாங்க, 1991ல ஆரம்பிச்ச சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், நம்ம சம்பளத்துலேர்ந்து மாசாமாசம் பிடிக்கிற பணத்துல நடக்குற அமைப்பு அது. நம்ம ஆளுங்க நெறைய பேரு கூச்சப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போறதே இல்ல, எனக்கு இது ரொம்ப வருத்தம். விண்ணப்பம் போடுங்க, கெடைக்கலன்னா அப்ப பாத்துக்கலாம்.

அடுத்தது படிப்புக் கட்டணக் கடன். மானியம் போக மிச்ச பீஸ்ல 90 விழுக்காடு வரைக்கும் குடுப்பாங்க, படிச்சு முடிக்கிற வரைக்கும் வட்டி இல்ல. முடிச்சு வேலைக்கு போயி பொண்ணே கட்டலாம். அதுக்கு அப்புறம்தான் மசேநி, அதான் சம்பளத்துலேர்ந்து பிடிச்சு சேக்குற மத்திய சேமநிதி. வீட்டுக்காரரோட சாதாரண கணக்குல சேந்த பணத்துல 40 விழுக்காடு வரைக்கும் பிள்ளையோட பீஸுக்கு எடுக்கலாம்னு ஒரு திட்டம் இருக்கு, ஆனா அது சும்மா குடுக்குறது இல்ல, கடன்தான். பொண்ணு படிப்ப முடிச்ச ஒரு வருஷத்துலேர்ந்து அப்பா கணக்குக்கு வட்டியோட திருப்பி கட்டணும், 12 வருஷம் வரைக்கும் தவண. உங்க வீட்டுக் கடனும் அதே கணக்குலேர்ந்துதான் போகுதுன்னா, எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. எனக்கு தெரிஞ்சு ஒருத்தரு மகனுக்கு எடுத்து குடுத்துட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுத் தவணைக்கு ரொக்கம் தேடி அலைஞ்சாரு. அதான் சொல்றேன், உதவிநிதி, அப்புறம் படிப்புக் கடன், கடைசியா மசேநி, இந்த வரிசைலதான் போகணும். இந்த மசேநி திட்டம் அரசாங்க மானியத்தோட நடக்குற படிப்புக்குத்தான், ஏஜென்ட் சொன்ன மாதிரி படிப்புக்கு தொட முடியாது, இத அவரு உங்ககிட்ட சொல்லியிருக்கமாட்டாரு.

எடம் கெடைக்குமான்னு கேப்பீங்க. 3.4 மோசமான மார்க் இல்ல. விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச் வாக்குல போகணும், மார்க்க மட்டும் பாக்காம பிள்ளையோட திறமை, ஆர்வம், செஞ்ச புராஜெக்ட் எல்லாத்தையும் பாத்து எடம் குடுக்குற வழியும் ரெண்டு பல்கலைக்கழகத்துலயும் இருக்கு. பாலிடெக்னிக்ல இன்டர்ன்ஷிப் எங்க பண்ணா, என்ன அளந்தா, என்ன தப்பு கண்டுபுடிச்சான்னு விவரமா எழுத சொல்லுங்க. "சின்ன வயசுலேர்ந்து இயற்கைய நேசிக்கிறேன்"னு எழுதுனா யாரும் திரும்பி பாக்கமாட்டாங்க. கூடவே சிவில், கெமிக்கல் ரெண்டையும் விருப்பப் பட்டியல்ல போட சொல்லுங்க, தண்ணி துறைல இருக்குற இன்ஜினியர்கள்ல நெறைய பேரு அந்த ரெண்டு படிப்புலேர்ந்து வந்தவங்கதான், நான் கூடவே வேலை பாத்தவங்க. இந்த வருஷம் கெடைக்கலன்னா டிப்ளோமாவ வச்சு ஒரு வருஷம் வேலை பாத்துட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம், கையில சம்பளமும் இருக்கும், எழுத அனுபவமும் இருக்கும்.

வெளிய போயே ஆகணும்னா பக்கத்துலயே மலேசியாவுல கம்பார்ல இருக்குற யூடிஏஆர்ல சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் டிகிரி இருக்கு. எங்க போனாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், "இந்த படிப்புக்கு வாஷிங்டன் ஒப்பந்த அங்கீகாரம் இருக்கா?" ஒரு நாட்டோட இன்ஜினியரிங் டிகிரிய இன்னொரு நாடு சமமா ஏத்துக்குற ஒப்பந்தம் அது. சிங்கப்பூர் 2006லேர்ந்து அதுல இருக்கு, மலேசியா 2009, இந்தியா 2014. நாடு இருந்தா மட்டும் போதாது, அந்த குறிப்பிட்ட காலேஜோட அந்த குறிப்பிட்ட படிப்பு பட்டியல்ல இருக்கணும். அடுத்த தடவ ஏஜென்ட்ட பாத்தா இத கேட்டுப் பாருங்க.

இன்னொன்னு, காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க பொண்ணுகிட்ட கேளுங்க, ஆலைக்குள்ள போயிருக்கியா, நாத்தத்துல நின்னுருக்கியான்னு. எங்க லேப்ல தினமும் காலைல முதல் வேலை என்ன தெரியுமா, காத்தூட்டுற தொட்டிலேர்ந்து ஒரு வாளில தண்ணி மொண்டு வந்து ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டர்ல ஊத்தி வச்சிட்டு அர மணி நேரம் தொடாம பாக்குறது. ஊத்துனப்ப முழுக்க காப்பி கலர்ல கலங்கலா இருக்கும். அஞ்சு நிமிஷத்துல பஞ்சு பஞ்சா திரண்டு, மேல தண்ணி தெளிய ஆரம்பிக்கும். அர மணி நேரத்துல கசடு 200, 250 மில்லிலிட்டர் கோட்டுக்கு எறங்கி நின்னுச்சுன்னா அன்னைக்கு ஆலை நல்லா இருக்குன்னு அர்த்தம், முகர்ந்தா மழ பேஞ்ச மண்ணு வாசம்தான் வரும், நாத்தம் இருக்காது. 700, 800லயே தொங்கிக்கிட்டு நின்னுச்சுன்னா நூல் மாதிரி வளர்ற கிருமி பெருகிடுச்சுன்னு தெரியும், உடனே ஓடணும். புதுசா வர்ற பிள்ளைங்கள்ல சிலது அந்த சிலிண்டர் முன்னாடி நின்னு கண்ணு எடுக்காம பாக்கும். சிலது மூக்க பொத்திக்கிட்டு போனை பாக்கும். உங்க பொண்ணு எந்த வகைன்னு அவளுக்கே தெரியும்.

கேள்வி: அக்கா வணக்கம். நான் எஸ் பாஸ்ல (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) வேலை பாக்குறேன், குடும்பம் மன்னார்குடி பக்கத்துல. மகன் அரசுப் பள்ளில பிளஸ் டூ. இதே படிப்ப சிங்கப்பூருக்கு கூட்டிட்டு வந்து படிக்க வைக்கணும்னு ஆச. முடியுமா? (ஒரு தகப்பன், உட்லண்ட்ஸ்)

பதில்: தம்பி, ஆச நியாயமானது, ஆனா செலவுக் கணக்க சொல்லிடுறேன். வெளிநாட்டு மாணவருக்கு மானியம் கெடைச்சாலும் வருஷத்துக்கு 17,000 வெள்ளிக்கு மேல பீஸ், அது போக தங்குறது, சாப்பாடு. மானியம் வாங்குனா படிச்சு முடிச்சு மூணு வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்துல வேலை பாக்கணும்னு கையெழுத்து போடணும், ஜாமீனும் கேப்பாங்க. உங்க சம்பளத்துல வீட்டுக்கும் அனுப்பிட்டு இத தாங்குறது ரொம்ப கஷ்டம்.

உங்க மகன்கிட்ட நீங்க கவனிக்காத ஒரு சொத்து இருக்கு. அவன் அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்புலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளிலயே படிச்சவங்களுக்கு தமிழ்நாட்டுல இன்ஜினியரிங்ல 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021லேர்ந்து இருக்கு. அதுல எடம் கெடைச்சா கல்லூரி பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது. இத விட மலிவான காலேஜ் உலகத்துல எங்க தேடுவீங்க? கட் ஆஃப் 200க்கு, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இப்பலேர்ந்து கணக்குல ஊக்கம் குடுங்க, இங்கேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணி கணக்கு பரீட்சை எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க.

அங்க இளநிலைல சுற்றுச்சூழல் இன்ஜினியரிங்னே இருக்குற காலேஜ் கொஞ்சம்தான். அதுக்காக பேர் தெரியாத தனியார் காலேஜ்ல பணத்த கொட்டாதீங்க. நல்ல அரசுக் கல்லூரில சிவில் எடுக்கட்டும், என்பிஏ (இந்தியாவுல படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற வாரியம்) அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டு. அப்புறம் கேட்ங்கற மேல்படிப்பு நுழைவுத் தேர்வ எழுதி அண்ணா பல்கலைக்கழகத்துலயோ திருச்சி என்ஐடிலயோ சுற்றுச்சூழல்ல மேல்படிப்பு படிக்கலாம், கேட்ல தேறி எம்டெக் சேந்தவங்களுக்கு மாசம் 12,400 ரூபா உதவித்தொகையும் உண்டு. ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதுற அளவுக்கு கெட்டிக்காரன்னா தன்பாத் ஐஐடில இளநிலைலயே இந்த படிப்பு இருக்கு. அதுக்கு அப்புறம் வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ சிங்கப்பூர் வரட்டும், அப்ப அவன் சொந்தக் கால்ல வருவான்.

கேள்வி: ஆன்ட்டி, ஏ லெவல் முடிச்சிட்டு என்எஸ்ல (தேசிய சேவை) இருக்கேன். என்டியுல சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் எடுக்கலாம்னு இருக்கேன், பிரெண்ட்ஸ் எல்லாம் சின்ன நாட்டுல இதுக்கு ஏது வேலை, கம்ப்யூட்டர் எடுன்னு சொல்றாங்க. அப்பா கடனே கூடாதுங்கறாரு. என்ன பண்ண? (தேசிய சேவையாளர், சுவா சூ காங்)

பதில்: தம்பி, எங்க அப்பா 1970கள்ல போட் கீ பக்கம் மூட்டை தூக்குனவரு. சிங்கப்பூர் ஆத்து பக்கத்துல நின்னு சோறு திங்க முடியாதுன்னு சொல்லுவாரு, அவ்வளவு நாத்தம். 1977ல ஆரம்பிச்சு பத்து வருஷம் அந்த ஆத்த சுத்தம் பண்ணாங்க, இன்னைக்கு அது கலக்குற மரீனா நீர்த்தேக்கத்து தண்ணிய நாம குடிக்கிறோம். சின்ன நாடுங்கறதாலதான் இதுல வேலை. ஜொகூர் ஆத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுக்குற ஒப்பந்தம் 2061ல முடியுது, அப்பவும் நீ வேலைலதான் இருப்ப. செமக்காவ் குப்பைத் தீவு 1999ல தொறந்தது, 2035 வாக்குல நெரம்பிடும்னு சொல்றாங்க, அது நீ வேலைக்கு சேந்து கொஞ்ச வருஷத்துல. துவாஸ்ல கழிவுநீரையும் குப்பையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணோட மிச்சத்துல இன்னொண்ண ஓட்டுற மாதிரி பெரிய ஆலை கட்டுறாங்க. கழிவுநீர சவ்வுகள்ல வடிகட்டி திரும்ப நல்ல தண்ணியாக்குற புதுநீர் 2003லேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கு, அந்த சவ்வுகள மாத்த, மின்சார செலவ கொறைக்க ஆளு வேணும். இதெல்லாம் முடியிற வேலையா?

ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணு. நாளைக்கு வரைபடத்துல நிபுணத்துவ இன்ஜினியரா கையெழுத்து போடணும்னு ஆச இருந்தா, இங்க அந்தப் பதிவு சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல்னுதான் பிரிச்சிருக்கு. அதனால அந்த வாரியத்தோட அங்கீகார பட்டியல பாத்துட்டு, அதுதான் உன் லட்சியம்னா சிவில் எடு. ஆலை நடத்துறது, வடிவமைக்கிறது, ஆராய்ச்சின்னா சுற்றுச்சூழலே போதும்.

அப்பா கடன் வேணாம்னா ஸ்காலர்ஷிப் பாரு. பியூபி (தண்ணி வாரியம்), என்இஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) ரெண்டும் குடுக்குறாங்க, தனியார் நிறுவனங்களோட சேந்து குடுக்குற சிங்கப்பூர் தொழில்துறை உபகாரச் சம்பளமும் இருக்கு. பீஸ் மொத்தமும் போயிடும், பதிலுக்கு சில வருஷம் அங்க வேலை பாக்கணும். இந்தத் துறைல வேலை பாக்கணும்னு நீ ஏற்கனவே முடிவு பண்ணிட்டா அது கட்டு மாதிரியே தெரியாது. பாதி மனசோட மட்டும் கையெழுத்து போட்டுராத, நடுவுல விட்டா வாங்குன பணத்த வட்டியோட அப்பாதான் கட்டணும்.

ஓஆர்டி, அதான் என்எஸ் முடியிற நாள், வரைக்கும் காத்திருக்காத தம்பி. இப்பவே விண்ணப்பிச்சு எடம் வாங்குனா என்எஸ் முடியிற வரைக்கும் உனக்கு வச்சிருப்பாங்க. ஸ்காலர்ஷிப் நேர்காணலுக்கு லீவு கேக்குறதுக்கு உன் சார்ஜென்ட்கிட்ட முன்கூட்டியே சொல்லி வை, அழைப்பு வந்தா தேதி ரொம்ப கிட்டக்க இருக்கும்.